இரண்டு வாரம் கார் ஓட்ட எந்த நாடு? ஓட்டி வந்தவர்கள் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து

பையனுக்கு ஏப்ரல் நடுவில் தேர்வு முடிகிறது. அதன் பிறகு 14 நாள், வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டிக்கொண்டு சுற்றலாம் என்று இருக்கிறோம். நான்கு பேர், அப்பாவுக்கு 68 வயது. ஓட்டுவது நான் ஒருத்திதான். நியூசிலாந்து, ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்து மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு மாதமாகக் குழம்புகிறேன். வீடியோவெல்லாம் பார்த்தாகிவிட்டது, எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது. அங்கே ஓட்டியவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கோவையிலிருந்து

நாங்கள் நியூசிலாந்து போய் வந்தோம், பிப்ரவரியில், தெற்குத் தீவு மட்டும். அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் ஒருவரே ஓட்டுவதால், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அலுப்பில்லாமல் ஓட்ட முடியும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு எந்த ஊர் ஒத்துவரும் என்று பாருங்கள். அங்கே நம் ஊர் போலவே இடப்பக்கம் ஓட்டுவது, லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் அப்படியே செல்லும், இதுவே எனக்குப் பாதி நிம்மதி.

முதலில் இரண்டு தீவையும் பார்ப்பதாகத்தான் திட்டம். கோவையிலிருந்து சென்னை 500 கிலோமீட்டர், விடியலில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறோம் இல்லையா, அந்தக் கணக்கில் தினமும் 300 கிலோமீட்டர் போட்டு வைத்திருந்தேன். அது அங்கே எடுபடாது. நெடுஞ்சாலை என்று பெயர், ஆனால் பெரும்பாலும் நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைதான். வேக வரம்பு 100. ஆனால் வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகையில் 35, 55, 25 என்று எண் இருக்கும், அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து அதை உரக்கப் படித்துக்கொண்டே வருவார். 35 என்றால் 35தான், அதற்கு மேல் போனால் வண்டி எதிர்ப்பக்கத்துக்கு இழுக்கும். பிரான்ஸ் ஜோசப் என்ற ஊரிலிருந்து ஹாஸ்ட் கணவாய் வழியாக வானகா ஊருக்கு 285 கிலோமீட்டர். மேப் நான்கு மணி நேரம் என்று காட்டியது. காலை ஒன்பதுக்குக் கிளம்பி, அருவி தெரிந்த இடத்தில் எல்லாம் இறங்கி ஏறி, போய்ச் சேரும்போது மாலை ஆறு. வழியில் வெகுதூரம் செல்போன் சிக்னல் கிடையாது. ஹாஸ்ட் ஊரில் பெட்ரோல் விலை அதிகம்தான், இருந்தாலும் அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டதால் பயமில்லாமல் வந்தோம்.

அந்தப் பக்கம் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலங்கள் நிறைய. பலகையில் நம் திசை அம்பு சிறிதாகச் சிவப்பில் இருந்தால் நாம்தான் நிற்க வேண்டும். ஒரு பாலத்தில் எதிரே பெரிய பால் லாரி வந்தது, நாங்கள் நின்றோம். பாலத்தைக் கடந்து எங்கள் பக்கம் வந்ததும், டிரைவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அதுதான் அங்கே நன்றி சொல்வது. மூன்றாவது நாளிலிருந்து அப்பாவும் எல்லோருக்கும் விரல் தூக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு மறக்கவே முடியாதது மில்ஃபோர்டு சாலை, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்திருக்கும் மில்ஃபோர்டு சவுண்டுக்குப் போவது. டெ அனாவ் ஊரிலிருந்து 118 கிலோமீட்டர். கடைசியில் ஹோமர் சுரங்கம், 1.2 கிலோமீட்டர், மலையை அப்படியே குடைந்தது, உள்ளே பாறைச் சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும், சாலை கீழ்நோக்கிச் சரியும். வாசலில் சிக்னலுக்காகக் காத்திருந்தபோது ஒரு கீயா கிளி எங்கள் பானட்டில் வந்து இறங்கியது. பச்சை உடம்பு, சிறகைத் தூக்கினால் உள்ளே ஆரஞ்சு. நடந்து வந்து வைப்பர் ரப்பரை அலகால் பிடித்து இழுத்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதன் முகம், இந்தப் பக்கம் எங்கள் முகம். அம்மா முறுக்கை எடுத்துவிட்டார். தீனி போடக் கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள், அதனால் தடுத்துவிட்டேன்.

அப்புறம் சாப்பாடு. நாட்டுக்குள் நுழைவதற்கு நிரப்பும் படிவத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று கட்டாயம் குறித்துவிடுங்கள். மறைத்தால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். நடைக் காலணியின் அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்றுகூடத் திருப்பிப் பார்த்தார்கள்.

வடக்குத் தீவை விட்டதில் எனக்கு ஒரே ஒரு வருத்தம். வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் தமிழ் எழுத்து பொறித்த ஒரு வெண்கலக் கப்பல் மணி இருக்கிறது. மாவோரிப் பெண்கள் அதைச் சமைக்கும் பாத்திரமாக வைத்திருந்ததை 1830களில் ஒரு கிறித்தவ மிஷனரி பார்த்து வாங்கியிருக்கிறார். அது எப்படி அவ்வளவு தூரம் போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதற்காகவே இன்னொரு முறை போக வேண்டும்.

ரொறன்ரோவிலிருந்து

நாங்கள் ஜூன் மாதம் ஐஸ்லாந்து போனோம். கனடாவில் வலப்பக்கம் ஓடிப் பழகினபடியால் எங்களுக்குச் சிரமம் இல்லை, உங்களுக்கு அது முதல் நாளே தலையிடி தரும், யோசியுங்கள் தங்கச்சி. தீவைச் சுற்றி ஒரே பாதை, சுமார் 1,320 கிலோமீட்டர், 14 நாள் தாராளம். எங்களைப் படுத்தியது காற்றுத்தான். வீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மகன் கதவைத் திறந்தவுடன் காற்று அதைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிட்டது, பிறகு கதவு சாத்துப்படவே இல்லை. காற்றால் வரும் சேதம் காப்புறுதியில் அடங்காது என்று வாகனம் தந்தவர்கள் சொல்லிவிட்டார்கள், முழுக் காசும் நாங்கள்தான் கட்டினோம். காற்றுக்கு எதிரே மூக்கு இருக்கும்படி நிறுத்தி, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும். இன்னொன்று, ஜூனில் இரவு இருட்டாது. பதினொரு மணிக்கும் வெளிச்சம் என்று ஓடிக்கொண்டே இருப்போம், களைப்பு வந்ததே தெரியாது. ஒருநாள் எனக்குக் கண் சொருகி வாகனம் வெள்ளைக்கோட்டைத் தாண்டியது. மனைவி கத்தியிராவிட்டால் இதை எழுத நான் இல்லை. ஒருவர் மட்டும் ஓடுவதென்றால் அங்கே வேண்டாம் என்பதுதான் என்ரை எண்ணம்.

சென்னையிலிருந்து

ஸ்காட்லாந்து வடக்குக் கடற்கரைச் சுற்று, இன்வர்னஸில் தொடங்கி அங்கேயே முடியும், சுமார் 830 கிலோமீட்டர். இடப்பக்கம்தான். ஆனால் மேற்குப் பக்கம் ஒரு கார் மட்டும் போகிற சாலை, அங்கங்கே ஒதுங்க இடம். நமக்குப் பின்னால் உள்ளூர்க்காரர் வந்தாலும் ஒதுங்கி விட வேண்டும். பின்னோக்கி ஓட்டத் தயக்கம் உள்ளவர்களுக்குக் கஷ்டம். ஓட்டிப் பழகினவர்கள் தாராளமாகப் போகலாம், எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

திருச்சியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டோம். நியூசிலாந்து, தெற்குத் தீவு மட்டும், கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி அங்கேயே திரும்புகிறோம். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை, டெ அனாவ்வில் மூன்று இரவு. பலகை படிக்கிற வேலையை அப்பா இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டார். இட்லிப் பொடி வீட்டில் அரைத்தது கொண்டுபோகலாமா?

கோவையிலிருந்து

கடையில் வாங்கிய பாக்கெட்டாக, பிரிக்காமல் கொண்டுபோங்கள், என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதாகப் பாருங்கள். எங்களுடையதைப் படித்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தந்துவிட்டார்கள். தேன் மட்டும் வேண்டவே வேண்டாம். மே பிறந்துவிட்டால் மில்ஃபோர்டு சாலைக்குப் பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் சங்கிலி தேவைப்படும், அதனால் அதை ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். அப்போது வானகா பக்கம் பாப்லர் மரங்கள் மஞ்சளாக மாறியிருக்கும், அதை நாங்கள் பார்க்கவில்லை, படம் எடுத்து இங்கே போடுங்கள்.