நர்சிங் முடிக்கப் போறேன், ஜெர்மனா ஜப்பானீஸா... எத படிக்க?

கருங்கல்_பிள்ள:
எல்லாருக்கும் வணக்கம். பிஎஸ்சி நர்சிங் ஃபைனல் இயர் படிக்கேன், ஊரு கன்னியாகுமரி ஜில்லா கருங்கல் பக்கம். நம்ம ஜில்லாவுல நர்சிங்னு சொன்னாலே அடுத்த கேள்வி "எந்த நாட்டுக்கு மக்களே போறே"ன்னுதான, அந்தக் கேள்வியிலதான் நானும் நிக்கேன். இங்கிலீஷ் ஓகே, மலையாளம் டிவி பாத்தே வந்துட்டு. இனி ஒரு பாஷ படிக்கலாம்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லுகாவ. கிளாஸ்ல பாதி பேரு ஜெர்மன் சேர்ந்தாச்சு. எனக்க அப்பா ரொம்ப நாளா சவுதியில, அவரு அரபி படிங்கிறாரு. மாமா ஃபிரெஞ்ச் படிச்சா கனடா ஈசிங்கிறாரு. எனக்கு உள்ளபடியே ஆசை ஜப்பானீஸ்லதான், அனிமே பாத்து பாத்து ஹிரகானா 46 எழுத்தும் நானே எழுதிப் பழகிட்டேன் (வீட்டுல சொன்னா சிரிப்பாவ). ஒரு வருசம் டைம் இருக்கு, லட்சக்கணக்குல செலவழிக்க வீட்டுல வழியில்ல. அனுபவப்பட்டவிய சொல்லுங்க.

நைட்_டியூட்டி_அக்கா:
பிள்ளே, நான் இரணியல்காரி, இப்போ ஜெர்மனியில பவேரியா பக்கம் ஆஸ்பத்திரியில இருக்கேன். வேலைதான் முக்கியம்னா ஜெர்மன்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அங்க ஆள் பஞ்சம் அப்படி, இந்தியாக்காரங்களுக்கு வருசத்துக்கு 20,000ன்னு இருந்த ஸ்கில்டு ஒர்க்கர் விசாவ 2024ல 90,000 ஆக்கப் போறதா அறிவிச்சாவ. ஆனா ஊருல "ஆறு மாசத்துல பி2"ன்னு போர்டு வச்சிருக்காவ பாத்தியா (ஏ1, ஏ2, பி1, பி2ன்னு போவுற பாஷை லெவல்ல நாலாவது), அத நம்பாத. பி2க்கு 600ல இருந்து 800 பாடவேளை வேணும்னு அந்தப் பரீட்சைய நடத்துற கோதே இன்ஸ்டிடியூட்டே சொல்லுது, ஒரு பாடவேளை 45 நிமிசம். காலேஜ் டியூட்டியும் பாத்துக்கிட்டு படிக்கதுக்கு உன் ஒரு வருசம் கஷ்டப்பட்டு சரியாப் போவும்.

பரீட்சையில வாசிக்க, கேக்க, எழுத, பேசன்னு நாலு மாட்யூல், ஒவ்வொண்ணுலயும் 100க்கு 60 வேணும். பி1லயும் பி2லயும் எதுல போச்சோ அத மட்டும் திரும்ப எழுதலாம். நம்ம பிள்ளைங்களுக்கு பேசுறது எப்படியும் ஒப்பேறிரும், கேக்கதுலதான் அடிபடுவினும், ஏன்னா கிளாஸ்ல சாருக்க ஜெர்மன மட்டும்தான கேட்டிருப்பினும். அதனால முதல் நாள்ல இருந்தே ரேடியோ, நியூஸ்னு காதுல ஓட விடு, புரியலன்னாலும் பரவாயில்ல. பரீட்சை திருவனந்தபுரத்துல கோதே சென்டர்லயே எழுதலாம், சென்னைக்கு ஓட வேண்டாம், ஆனா ஸ்லாட்டு திறந்ததும் கேரளாக்காரங்க முடிச்சிருவாங்க, அதுக்கும் ஒரு அலாரம் வச்சுக்க.

இன்னொண்ணு, இத யாரும் சொல்லமாட்டாவ. நம்ம ஊருல பைஸ்டாண்டர், அதான் பேஷண்டுக்க கூட நிக்க சொந்தக்காரங்க, செய்யுத வேல எல்லாம், குளிப்பாட்ட, சோறு ஊட்ட, டயப்பர் மாத்த, அங்க நர்ஸ்தான் செய்யணும். காலைல ஷிப்டு மாறும்போ யூபர்காபேன்னு ஒண்ணு நடக்கும், நைட்டு பாத்தவ பகல் பாக்கப் போறவளுக்கு ஒவ்வொரு பேஷண்டா ஒப்படைக்கணும், எவ்வளவு தண்ணி குடிச்சாவ, வெளிய போச்சா, புண்ணு எப்படி இருக்கு, டாக்டர் என்ன மாத்துனாருன்னு கடகடன்னு. பி2 சர்டிபிகேட்ட கையில வச்சுக்கிட்டு அங்க நான் முழிச்ச முழி எனக்குத்தான் தெரியும். அதுல பவேரியன் பேச்சு வேற, பல்செட்ட கழட்டி டம்ளர்ல போட்டுட்டு 90 வயசு பாட்டி பேசும் பாரு, எந்த புக்குலயும் இல்ல. போன உடனே ஃபுல் நர்சும் இல்ல, அந்த ஊரு அங்கீகாரத்துக்கு ஒரு பரீட்சை இல்லன்னா ஒரு கோர்ஸ், அது முடியுற வரைக்கும் அசிஸ்டென்ட்தான்.

ஐச்சி_மக்கா:
அக்கா சொன்னது செரிதான், ஆனா ஜப்பானீஸ தள்ளிராத. நான் மெக்கானிக்கல், ஜப்பான்ல ஐச்சியில கார் பார்ட்ஸ் கம்பெனியில இருக்கேன். நெட்ல தேடுனா "ஜப்பானீஸ் படிக்க 2,200 மணி நேரம், ஃபிரெஞ்சுக்கு 750"ன்னு ஒரு கணக்கு வரும், அது அமெரிக்க வெளியுறவுத் துறை அவங்க இங்கிலீஷ்காரங்களுக்குப் போட்டது. நமக்கு அந்தக் கணக்கு அப்படியே ஒத்து வராது. நம்ம தமிழ் மாதிரியே ஜப்பானீஸ்லயும் வினை கடைசியில வரும், பேருக்குப் பின்னால உருபு ஒட்டும், "நான் கடையில மீன் வாங்கினேன்"ன்னு மனசுல ஓடுற அதே வரிசையில பேசிரலாம். இலக்கணத்துல நான் அங்க திணறவே இல்ல. திணறுனது கஞ்சியில, அதான் சீனாவுல இருந்து வந்த எழுத்து, ஒரு பேப்பர் வாசிக்கணும்னா 2,136 எழுத்து, நிறைய எழுத்துக்கு ரெண்டு மூணு உச்சரிப்பு, அங்க தமிழ் ஒண்ணும் காப்பாத்தாது.

ஆனா நீ நர்ஸ்லா, அதனால இத நல்லா கேட்டுக்க. ஜப்பான்ல நர்சா வேல பாக்கணும்னா அவங்க நேஷனல் எக்ஸாம ஜப்பானீஸ்லயே எழுதணும், வெளிநாட்டுல படிச்சவங்க அந்த எக்ஸாமுக்கு உக்காரவே ஜேஎல்பிடிங்கிற ஜப்பானீஸ் பாஷைப் பரீட்சையில என்1 வேணும், அதான் உச்சி லெவல், என்5தான் அடி. ஒரு வருசத்துல நடக்காது. ஜப்பானுக்கு ஆள் அனுப்புற ஏஜென்ட் சொல்லுதது கைகோ வேல, முதியோர் பராமரிப்பு, 2019ல வந்த ஸ்பெசிஃபைடு ஸ்கில்டு ஒர்க்கர் விசா. என்4 லெவலும் கைகோவுக்கு உள்ள தனி டெஸ்டுகளும் போதும். ஆனா 5 வருசம் வரைக்கும்தான், குடும்பத்தக் கூட்டிட்டுப் போவ முடியாது, நாலு வருசம் படிச்ச டிகிரிக்கு அங்க மதிப்பு இல்ல. நர்சுன்னு சொல்லி கைகோவுக்கு அனுப்புற கூத்தும் நடக்கு. ஜேஎல்பிடில பேசுற பரீட்சையே கிடையாது, கொடுத்த பதில்ல ஒண்ண தேர்ந்தெடுக்கதுதான். என்3 பாஸ் பண்ணிட்டு கடையில சில்லற கேக்கத் தெரியாதவனையும் பாத்திருக்கேன்.

குளச்சல்_காரன்:
அப்பா சொன்னாருன்னு அரபி கிளாசுக்கு காசு கெட்டாத மக்களே. கல்ஃப் ஆஸ்பத்திரியில இங்கிலீஷே ஓடும், அங்க கேக்கது ப்ரோமெட்ரிக்கும் (நர்ஸ் லைசென்ஸுக்கு உள்ள பரீட்சை) டேட்டாஃபுளோவும்தான் (சர்டிபிகேட் சரிபார்க்கது). பேஷண்ட்கிட்ட "வலிக்குதா, எங்க வலிக்குது"ன்னு கேக்க வேண்டிய அளவு அங்க போய் பைய வந்துரும், உங்க அப்பாவும் அப்படித்தான் படிச்சிருப்பாரு. இங்க புக்குல படிக்கிறது ஏட்டு அரபி, சவுதியில தெருவுல பேசுறது வேற, எகிப்துக்காரன் பேசுறது வேற.
பின்ன வெளிநாட்டு பாஷைக்கு பயப்பட என்ன இருக்கு, 1741ல எங்க கடற்கரையில தோத்துப் போன டச்சுப் படையில இருந்த டிலனாய், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே தளபதி ஆயி இங்கயே செத்தாரு, உதயகிரி கோட்டையில கல்லறை கெடக்கு, தமிழும் லத்தீனும் வெட்டி வச்சிருக்கு. அவரு எந்த சென்டர்ல பி2 எழுதுனாருன்னு கேளுங்க 😄

மார்த்தாண்டம்2கனடா:
மாமா சொன்னதுல பாதி சரி. 2023ல இருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரில (ஸ்கோர் பாத்து கனடா பிஆருக்கு கூப்பிடுத திட்டம்) ஃபிரெஞ்ச் தெரிஞ்சவங்களுக்கு தனி டிரா, அதாவது தனி ரவுண்டு, ஸ்கோர் கொறவா இருந்தாலும் கூப்பிடுதாவ. ஆனா வாசிக்க, எழுத, கேக்க, பேசன்னு நாலு திறனுலயும் கனடாவோட ஃபிரெஞ்ச் அளவுகோல்ல லெவல் 7 வேணும், பிளஸ் டூல மார்க்குக்காக படிச்ச ஃபிரெஞ்ச் அதுக்கு காணாது. நர்ஸ் லைசென்ஸ் அங்க தனிக்கதை. ரெண்டு மூணு வருசத் திட்டம்னா பாரு.

கருங்கல்_பிள்ள:
எல்லாருக்கும் ரொம்ப தாங்க்ஸ். அப்போ ஜெர்மன்னு மனசுல ஆயிட்டு. அக்கா, ஒரு ஏஜென்சி ஃப்ரீயா கிளாஸ் தாறோம்ங்கிறாவ, ஆனா ஒரிஜினல் மார்க் ஷீட்ட வாங்கி வச்சிக்கிடுவாவளாம், நடுவுல நின்னா மூணு லட்சம்னு பாண்டு. சேரலாமா?

நைட்_டியூட்டி_அக்கா:
ஒரிஜினல கேட்டாலே எழும்பி வந்துரு. எங்கூட வந்த ஒரு பிள்ள, பேரு வேண்டாம், சர்டிபிகேட்ட திரும்ப வாங்க வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போச்சு. ஜெர்மனியில நர்ஸ்கிட்ட காசு வாங்காம ஆள் எடுக்க ஏஜென்சிக்கு ஃபேர் ரெக்ரூட்மெண்ட் முத்திரைன்னு ஒண்ணு உண்டு, ஆள் எடுக்குத செலவ ஆஸ்பத்திரிதான் ஏத்துக்கணும், அது இருக்கான்னு கேளு, இருக்குன்னா பேர போட்டு நெட்ல பாத்து உறுதிப்படுத்து. பாண்டுல கையெழுத்து போடும்முன்ன ஒரு காப்பி வாங்கி வீட்டுல கொண்டு வந்து வாசி, தரமாட்டேன்னா அதுவே பதில். பின்ன ஏ1, ஏ2 பரீட்சைக்கு காசு கெட்டாத, உனக்கு அது வேண்டாம், கிளாஸ் மட்டும் போ, பரீட்சை பி1ல இருந்து எழுது.

ஐச்சி_மக்கா:
ஹிரகானாவ மறந்துராத என்ன, ஞாயித்துக்கெழம அரை மணி நேரம் அதுக்கு வச்சுக்க. ஜெர்மன்ல ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் டெர், டீ, டாஸ்னு மூணு இலக்கணப் பால்ல எதுன்னு மனப்பாடம் பண்ணி கிறுக்கு பிடிக்கும்போ உனக்கே தேவைப்படும்.

வடசேரி_பையன்:
நான் ஹோட்டல் மேனேஜ்மென்ட். எனக்கும் யாராவது சொல்லுங்க, இல்ல புதுசா கேள்வி போடணுமா?