லோ மூன்றா, லோ நான்கா? ஸ்லெட் இழுவைக்கு எந்த கியர்?

டீசல்நேசன்:
"ஸ்லெட் இழுவைக்கு வந்து லோ ரேஞ்சில் நான்காம் கியருக்குக் கீழே ஓட்டுபவர் போட்டிக்கு வரவில்லை, ஊர்ந்து போக வந்திருக்கிறார்" என்று செங்களிமண் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஓஹையோ கண்காட்சித் திடல்களில் ஆறு கோடைகளாக லோ மூன்றில், அதாவது ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்ற துணைக் கியர்பெட்டியை வேகம் குறைத்து விசை கூட்டும் லோ ரேஞ்சில் வைத்து மூன்றாம் கியரில், ஓட்டுகிறவன் நான். எடை ஏற்றிய ஸ்லெட்டைச் சங்கிலியால் வண்டியோடு கட்டிக் களிமண் தடத்தில் இழுக்கும் போட்டி இது. 300 அடி போனால் முழு இழுவை. ஸ்லெட்டின் எடைப்பெட்டி தொடக்கத்தில் அதன் பின்சக்கரங்களின் மேல் இருக்கும். வண்டி நகர நகர அது முன்னோக்கி ஏறி, முன்பக்க இரும்புத் தட்டை மண்ணில் அழுத்தும். அதனால் முதல் 100 அடியில் பறக்கிற வண்டி 200 அடிக்கு மேல் மூச்சு முட்டுகிறது. ஓட்டத்தின் நடுவில் கிளட்சை மிதித்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்பதால், சங்கிலி இறுகும் முன் போட்ட கியரில்தான் 300 அடியும் போக வேண்டும். நான்கில் கிளம்பினால் சுமை ஏறும் வேளையில் என்ஜின் சுழற்சி விழும், டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றழுத்தமான பூஸ்ட் விழும், பிறகு அதைத் தூக்க வழியே கிடையாது. என் வண்டி 12 வால்வு கம்மின்ஸ் டீசல் என்ஜின், என்வி4500 கைகியர்பாக்ஸ், 3.54 அச்சு விகிதம், 33 அங்குல டயர். நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் லோ மூன்று தருவது மணிக்கு 18 மைல். அந்த 18 மைல் போதும்.

செங்களிமண்:
நண்பர் டீசல்நேசன் 18 மைல் என்று எழுதியிருப்பது சக்கரம் சுற்றும் வேகம், வண்டி ஓடும் வேகம் அல்ல. களிமண்ணில் டயர் வழுக்காமல் எவரும் ஸ்லெட் இழுத்ததில்லை. வழுக்கலைக் கழித்தால் அவருடைய வண்டி எந்த வேகத்தில் போகிறது என்பதை அவரே சொல்லட்டும். அதே 3000 சுழற்சியில் லோ நான்கு 30 மைலைத் தாண்டும். வேகம் 1.67 மடங்கானால் வண்டியில் சேரும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காகிறது. கடைசி 40 அடியில் என்ஜின் தளரும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது அந்த ஆற்றல்தான். மெதுவாகச் சுற்றும் டயர் மண்ணைத் தோண்டிக் குழியில் இறங்கும். வேகமாகச் சுற்றும் டயர் ஒட்டிய களியை உதறிவிட்டுப் புது மண்ணைப் பிடிக்கும்.

பட்டறைவாசி:
இருவருக்கும் ஒரு கேள்வி. உங்கள் இரண்டு வண்டிகளின் அச்சு விகிதம் ஒன்றுதானா? 4.10 அச்சு போட்டிருந்தால் அதே கியர்பாக்ஸில் லோ மூன்று 16 மைலுக்கும், லோ நான்கு 26 மைலுக்கும் இறங்கிவிடும். அலிசன் 1000 என்ற தானியங்கிப் பெட்டியின் மூன்றாம் கியர் விகிதம் 1.41, என்வி4500 பெட்டியில் அது 1.67. எந்த வண்டி, எந்தப் பிரிவு என்று சொல்லாமல் மூன்று, நான்கு என்று சண்டை போடுவதில் என்ன பயன்?

டீசல்நேசன்:
என் அச்சு 3.54 என்று முதல் பதிவிலேயே எழுதிவிட்டேன், பட்டறைவாசி. 18 மைலுக்கு வருவோம். அது சக்கர வேகம் என்று செங்களிமண் ஏதோ கண்டுபிடித்ததைப் போல எழுதுகிறார். நான்காம் கியருக்கு அவர் சொன்ன 30 மைலும் சக்கர வேகம்தானே? என் கணக்கில் மட்டும் வழுக்கலைக் கழித்துவிட்டு, தன் கணக்கில் கழிக்காமல் விடுவது நேர்மையான வாதம் அல்ல. நான்காம் கியரில் சக்கரத்துக்குக் கிடைக்கும் முறுக்குவிசை மூன்றாம் கியரில் கிடைப்பதில் 60 விழுக்காடுதான். இழுக்கப்போவது ஸ்லெட்டை, காற்றை அல்ல.

செங்களிமண்:
உங்கள் எரிபொருள் பம்ப்பில், என்ஜின் சுழற்சிக்கு எல்லை வைக்கும், நிறுவனம் கொடுத்த கவர்னர் ஸ்பிரிங்கே இன்னும் இருக்கிறது என்று சென்ற ஆண்டு நீங்களே எழுதினீர்கள். அந்த ஸ்பிரிங்கோடு 3000 சுழற்சியில் முழு எரிபொருள் கிடைக்காது. அப்படியானால் அந்த 18 மைல் எங்கிருந்து வந்தது? கடினமான ஸ்பிரிங் மாற்றி, பெரிய டர்போ வைத்து, என்ஜினைச் சுழல விடுபவருக்குத்தான் கியர் பற்றிப் பேசத் தகுதி உண்டு.

டீசல்நேசன்:
தகுதி பற்றிப் பேசுவதென்றால் பேசுவோம். சென்ற ஆண்டு நான் அதை எழுதியது ஏப்ரல் மாதம். ஜூன் மாதமே ஸ்பிரிங் மாற்றிவிட்டேன். படங்களும் இதே குழுவில் இருக்கின்றன. அந்தப் படங்களுக்குக் கீழே "வெல்டிங் அழகாக இல்லை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனவர் நீங்கள்தான். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. 3000 சுழற்சியில் 18 மைல். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம் 2.72, மூன்றாம் கியர் 1.67, அச்சு 3.54, மூன்றையும் பெருக்கினால் 16.08. என்ஜின் அத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். தவறு என்றால் கணக்கை எழுதிக் காட்டுங்கள்.

பட்டறைவாசி:
உடையும் பக்கத்தையும் யாராவது பாருங்கள். என்வி4500 பெட்டியின் நான்காம் கியர் நேர் இணைப்பு, 1.00. விசை கவுண்டர் ஷாஃப்ட் என்ற பக்கத் தண்டின் பற்களின் வழியாகப் போகாமல் நேராகச் செல்கிறது. மூன்றில் அந்தப் பற்கள் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். பல் போன கவுண்டர் ஷாஃப்ட்டை என் கையாலேயே வெளியே எடுத்திருக்கிறேன். ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் அச்சுக்கு விசை கொண்டுபோகும் பிரொப்பல்லர் ஷாஃப்ட்டும் அதன் மூட்டான ஜாயிண்ட் கிராஸும் லோ மூன்றில் கூடுதல் திருகலுக்கு ஆளாகின்றன.

செங்களிமண்:
பார்த்தீர்களா, பட்டறைவாசியே நான்கு என்கிறார்.

பட்டறைவாசி:
நான் அப்படிச் சொல்லவில்லை. எது எங்கே உடையும் என்று சொன்னேன். என் வாயில் சொல்லைத் திணிக்காதீர்கள்.

அலிசன்அன்பன்:
தானியங்கி கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சண்டையே தேவையில்லை. சுமையோடு ஓடும்போதே கியர் மாற்றிக்கொள்ளலாம். இரண்டில் கிளம்பி மூன்றுக்குப் போகிறவர்களை ஒவ்வொரு கண்காட்சியிலும் பார்க்கிறேன்.

டீசல்நேசன்:
தானியங்கி பற்றித் தனி இழை தொடங்குங்கள், நண்பரே. இங்கே கைகியர்தான் பேச்சு. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓஹையோவின் பவுலிங் கிரீனில் 1967 முதல் நடக்கும் தேசிய டிராக்டர் இழுவைப் போட்டியைப் பார்த்துவிட்டு, அங்கே ஓடும், இழுவைக்காகவே மாற்றிக் கட்டிய மாடிஃபைட் வண்டிகளின் சக்கர வேகத்தை நம் பிக்கப்புக்கு அளவாக வைப்பதுதான் இங்கே பலர் செய்யும் பிழை. அந்த வண்டிகளின் என்ஜின் வேறு, டயர் வேறு. அன்றாடம் வேலைக்கு ஓட்டுகிற வண்டியை, பின் சஸ்பென்ஷனுக்குக் கட்டை கொடுத்து, ஸ்லெட்டை மாட்டும் ஹிட்சைத் தரையிலிருந்து 26 அங்குல உயரத்தில் நிறுத்தி, சனிக்கிழமை மாலை ஸ்லெட்டோடு கட்டுகிறவனுக்கு லோ மூன்றுதான். தண்ணீர் ஊற்றி உருளை ஓட்டிய இறுக்கமான களியில் நான்கில் கிளம்பிய இருவர் சென்ற மாதம் என் கண் முன்னால் 180 அடியில் கரும்புகையோடு நின்றார்கள். நான் 287 அடி போனேன். 18 மைலில்.

செங்களிமண்:
287 அடி முழு இழுவை ஆகாது. மீதி 13 அடியை நான்காம் கியர் கொடுத்திருக்கும்.

டீசல்நேசன்:
அந்த 13 அடியை இழந்தது முன் டயரின் காற்றழுத்தத்தால், கியரால் அல்ல. கணக்கு எங்கே என்று கேட்டேன். இன்னும் வரவில்லை.

செங்களிமண்:
அது சக்கர வேகம்.