ஃபர்ம்வேர்: ‘நிலைபொருள்’ நிலைக்குமா?

அனைவருக்கும் வணக்கம்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒரே வரியில் இரண்டு நாளாக நிற்கிறேன். ஃபர்ம்வேர் என்பது ஒரு வன்பொருள் இயங்க அதற்குள்ளேயே ஓடும் நிரல்; அந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பயனருக்குச் சொல்லும் வரி. கலைச்சொல் பட்டியலில் உள்ளபடி ‘நிலைபொருள்’ என்று போட்டால் வேலை முடிந்தது. ஆனால் கை வரவில்லை. போன வாரம் அக்கா வீட்டில் பட்ட பாடு அப்படி.

அவருடைய பழைய மடிக்கணினியில் டெபியன் 12 இயங்குதளத்தை நிறுவினேன். வைஃபை வரவில்லை. வன்பொருள்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை வைஃபை அட்டையைக் காட்டுகிறது, அதற்கான பி43 இயக்கியும் ஏறியிருக்கிறது. இயங்குதளத்தின் செய்திப் பதிவைத் (dmesg) திறந்தால் ‘யூகோட்15’ கோப்பைக் காணோம் என்று ஒரே புலம்பல். இந்த அட்டை தனக்கான நிரலைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. கணினி எழும் ஒவ்வொரு முறையும் இயக்கிதான் வட்டிலிருந்து எடுத்து அட்டையின் நினைவகத்தில் இறக்க வேண்டும். மின்சாரம் போனால் அதுவும் போச்சு. இதற்குப் பெயர் நிலைபொருளா?

டெபியன் 12 முதல் கட்டற்றவை அல்லாத ஃபர்ம்வேர்களும் நிறுவல் வட்டிலேயே வருகின்றன. ஆனால் இந்தக் கோப்பை மறுவிநியோகிக்க உரிமை இல்லை என்பதால் இது மட்டும் வராது. இதற்கென உள்ள பொதி, கோப்பை இணையத்திலிருந்து இறக்கித் தரும். இணையம் வர இணையம் வேண்டும்! கைப்பேசியை யூஎஸ்பியில் இணைத்துத்தான் தப்பித்தேன்.

இயக்கி ஊட்டுகிறது, அட்டை உண்கிறது. ஆகவே ‘ஊட்டுநிரல்’ என்று முன்மொழிகிறேன்.

*

மறு: ஃபர்ம்வேர்

தம்பி, ஊட்டுநிரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாய்ப்பலகையின் பயாஸ், அதான் கணினியை எழுப்பும் நிரல், சில்லுக்குள்ளேயே இருக்கிறதே, அதை யார் ஊட்டுகிறார்கள்?

இன்னொன்று. 1967இல் ஆஷர் ஓப்ளர் இந்த ஆங்கிலச் சொல்லை முன்வைத்தபோது சொன்னது, மாற்றி எழுதக்கூடிய நினைவகத்தில் ஏற்றும் நுண்நிரலை. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவே நிற்பது என்ற கணக்கு. ‘நிலை’ நாம் சேர்த்தது. வல்லினம், மெல்லினம் என்றால் அடுத்தது நமக்குத் தெரியாதா? இடைப்பொருள்.

*

மறு: மறு: ஃபர்ம்வேர்

ஐயா, இடைப்பொருள் கேட்க அழகு. ஆனால் மிடில்வேர் (இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே நின்று இணைக்கும் மென்பொருள்) மொழிபெயர்க்க வருகிறவர் அந்த நாற்காலி தனக்கு என்பார். இலக்கண நயத்துக்காக ஒரு குழப்பத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

பிழைச்செய்தியைப் படிப்பவரை நினைத்துப் பாருங்கள். ‘நிலைபொருள் இல்லை’ என்றால் அட்டையே பழுது என்று கடைக்குப் போய்விடுவார். ஊட்ட வேண்டியது ஒன்று இல்லை என்றால் தேடவாவது செய்வார். என் வாக்கு தம்பிக்கே. ஆனால் ‘நிரல்’ இடிக்கிறது. இந்த அட்டைக்காக பி43 கேட்கும் கோப்புகளில் ‘யூகோட்’ மட்டும்தான் நிரல். ‘இனிட்வால்ஸ்’ என்று வருபவை அட்டையின் பதிவகங்களில் (சின்னஞ்சிறு நினைவிடங்களில்) எழுதவேண்டிய தொடக்க மதிப்புகள், வெறும் எண்கள்.

*

மறு: மறு: மறு: ஃபர்ம்வேர்

எனக்கு வாக்களித்த அக்கா சொல்வது சரி, இனிட்வால்ஸை நான் யோசிக்கவில்லை. பயாஸ் போன்றவற்றுக்கு நிலைபொருளே இருக்கட்டும், அதைப் பெயர்க்க எனக்குத் தெம்பில்லை. வட்டிலிருந்து இறங்குபவை எல்லாம் ‘ஊட்டுகோப்பு’. வினைத்தொகை, ஒற்று மிகாது, ஐயா கோபிக்க மாட்டார்.

வரி இப்படி: “வைஃபை அட்டைக்கான ஊட்டுகோப்பு வட்டில் இல்லை.” மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், திங்களன்று கோப்பை ஏற்றிவிடுவேன்.