எல்லாம் சூனியம் என்றால் துக்கப்படுவது யார்?

கேள்வி:
பௌத்தம் படிக்க ஆரம்பித்து, மத்யமகம் என்ற பௌத்தப் பள்ளியை நிறுவிய நாகார்ஜுனரிடம் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். எல்லாமே சூனியம் என்கிறார். சரி, அப்படியென்றால் துக்கமும் சூனியம்தானே, அப்புறம் நான்கு உண்மைகள், எட்டு வழி, வினை எல்லாம் எதற்கு? சங்கரர் சொல்லும் மாயையும் இதுவும் ஒன்றா?

பதில் 1:
இதே கேள்வியை நாகார்ஜுனரே எதிராளியின் வாயில் வைத்துக் கேட்கிறார். அவருடைய மூலமத்யமக காரிகை என்ற நூலின் 24ஆம் அதிகாரம் தொடங்குவதே இப்படித்தான்: எல்லாம் சூனியம் என்றால் நான்கு உண்மைகள் இல்லை, பௌத்த சங்கம் இல்லை, புத்தரும் இல்லை. அவர் அதை அப்படியே திருப்பிப் போடுகிறார். காரணங்களைச் சார்ந்து தோன்றுவதைத்தான் அவர் சூனியம் என்கிறார். எதையும் சாராமல் தன்னால் நிற்கும் சுபாவம் எந்தப் பொருளுக்கும் கிடையாது, அவ்வளவுதான். துக்கத்துக்கு அப்படி ஒரு சுபாவம் இருந்தால் அது என்றைக்கும் அப்படியேதான் கிடக்கும், எட்டு வழியில் எத்தனை காலம் நடந்தாலும் பயனில்லை. சூனியமாக இருப்பதால்தான் துக்கத்துக்கு முடிவு உண்டு.

பதில் 2:
சங்கரரோடு சேர்க்காதீர்கள். கயிற்றைப் பாம்பென்று நினைக்கும் உதாரணத்தில் அவருக்குப் பாம்பு பொய், கயிறு மெய். அந்தக் கயிறுதான் பிரம்மம். மத்யமகத்தில் கயிறும் நாரைச் சார்ந்தது, நாரும் வேறொன்றைச் சார்ந்தது, அடியில் போய் நிற்க இடமே இல்லை. சூனியத்தையே ஒரு கொள்கையாகப் பிடித்துக்கொள்பவர்களைத் திருத்த முடியாது என்றும் நாகார்ஜுனர் எழுதியிருக்கிறார். இதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பதில் 3:
நாகார்ஜுனர் மட்டும்தான் பௌத்தமா? சர்வாஸ்திவாதிகள் என்ற பழைய பௌத்தப் பிரிவினர், தருமங்கள், அதாவது எல்லாவற்றுக்கும் அடிப்படையான கூறுகள், முக்காலத்திலும் உண்டு என்று வாதிட்டவர்கள். யோகாசாரப் பள்ளியைச் சேர்ந்த வசுபந்துவின் விம்சதிகா என்ற நூலோ, வெளியே பொருளே இல்லாவிட்டாலும் கனவில் இடமும் காலமும் ஒழுங்காகத் தோன்றத்தானே செய்கிறது என்று கேட்கிறது. ஆனால் தோன்றும் அந்த விஞ்ஞானத்தை, அதாவது உணர்வை, யோகாசாரம் அடியோடு மறுப்பதில்லை. இந்தச் சண்டை பல நூற்றாண்டுகள் ஓடியது.

தலைப்பில் கேட்டதற்குப் பாலி சூத்திரத்திலேயே விடை இருக்கிறது. மோலியபக்குனர் என்ற பிக்கு "நுகர்பவர் யார்?" என்று கேட்கிறார். கேள்வியே சரியில்லை, எதைச் சார்ந்து நுகர்வு வருகிறது என்று கேள் என்கிறார் புத்தர். ஊறு, அதாவது புலன் தொடர்பு, சார்ந்து நுகர்வு, நுகர்வு சார்ந்து வேட்கை. மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லும் பன்னிரண்டு நிதானங்களிலும், அதாவது ஒன்றைச் சார்ந்து ஒன்று வரும் காரணங்களிலும், இதே வரிசைதான், பேதைமையில் தொடங்கும். அந்தப் பன்னிரண்டில் "யார்" என்று ஒருவர் வரவே மாட்டார்.

கேள்வி கேட்டவர்:
24ஆம் அதிகாரத்தை இன்றைக்கே எடுக்கிறேன். ஆனால் மூன்றாவது பதில் எனக்குக் கொஞ்சம் நழுவலாகத்தான் படுகிறது. "யார்" என்று கேட்காதே என்றால் சரி, ஒருவர் வினையின் பயன் இன்னொருவருக்குப் போகாமல் அதே தொடரில் வந்து சேர்வது எப்படி?

பதில் 3:
நழுவல் இல்லை, ஆனால் கேள்வி நியாயமானதுதான். வினைகளின் விதைகளைச் சேர்த்து வைக்கும் அடிமன உணர்வான ஆலய விஞ்ஞானத்தைக் கொண்டு யோகாசாரர்கள் இதை விளக்கினார்கள், அதையும் ஆன்மா மாதிரி ஆகிவிட்டது என்று மத்யமகர்கள் பிடித்துக்கொண்டார்கள்.