ரோக் ஆக்சஸ் பாயின்ட்: தமிழில் என்ன சொல்வது?

தண்டையார்பேட்டை, வியாழன் இரவு

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான வலையமைப்புப் பாதுகாப்புக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன். அலுவலகத்தில் ஒருவர் பர்மா பஜாரில் சின்ன வைஃபை ரவுட்டர் ஒன்றை வாங்கிவந்து, யாரையும் கேட்காமல் சுவரிலிருக்கும் லேன் போர்ட்டில் செருகிவிடுகிறார். வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வாலுக்கு உள்ளே ஒரு வாசல் திறந்துவிடுகிறது. கம்பியில்லாமல் வலையில் சேர உதவும் பெட்டி ஆக்சஸ் பாயின்ட்; இப்படி அனுமதியின்றி வந்தது ரோக் ஆக்சஸ் பாயின்ட். வரைவில் 'அங்கீகரிக்கப்படாத கம்பியில்லா அணுகல் புள்ளி' என்று எழுதியிருந்தேன். தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைகளே அதை வாசித்து முடிப்பதற்குள் களைத்துப்போகிறார்கள். உண்மையான வைஃபையின் பெயரையே வைத்துக்கொண்டு ஏமாற்றும் பெட்டியான ஈவில் ட்வின் என்பதற்கும் ஒரு சொல் வேண்டும்.

பெரம்பூர், வெள்ளி காலை

அம்மா, 'களவுமுனை' என்று வையுங்கள். கள் என்னும் வேருக்குத் திருட்டு மட்டும் பொருளன்று. பிறர் அறியாமை என்பதும் பொருள். தொல்காப்பியத்தின் களவியலில் யார் எதைத் திருடினார்கள்? குறுந்தொகை 25இல் கபிலரின் தலைவி தலைவனைக் கள்வன் என்கிறாள். அவன் பொருள் எதையும் கொண்டுபோகவில்லை, சான்றுக்கு ஆளில்லாமல் வந்தான், அவ்வளவே. உங்கள் பெட்டியும் பதிவேட்டில் ஏறாமல் வந்த பெட்டிதானே.

கொளத்தூர், வெள்ளி மதியம்

ஐயாவின் விளக்கம் அருமை. ஆனால் மென்பொருள் தமிழாக்கத்தில் ஆக்சஸ் என்று வரும் இடமெல்லாம் 'அணுகல்' என்று வைத்துவிட்டோம். 'முனை' என்று மட்டும் நின்றால் கேபிளின் முனையா, கணினியா என்று குழம்பும். 'அணுகுமுனை' என்போம்: அணுகுமுறை போல வினைத்தொகை, வல்லினம் மிகுமா என்ற தொல்லையும் இல்லை. முன்னே என்ன அடைமொழி என்பதை மட்டும் முடிவுசெய்யலாம். 'அத்துமீறிய' எப்படி?

வண்ணாரப்பேட்டை, வெள்ளி மாலை

எல்லை என்ற பொருளில் வரும் அத்து, அரபியின் 'ஹத்'. நமக்கு அத்து என்றால் மரத்தை, மரத்தால் என்று வரும் சாரியை. கடன்சொல்தான் வேண்டுமென்றால் எங்கள் தெருவில் 'டுபாக்கூர்' இருக்கிறதே, குழந்தைக்கும் விளங்கும். அதுவும் துபாஷி என்பதிலிருந்து வந்தது என்பது என் துணிபு. இருமொழி அறிந்த தரகரைத்தான் துபாஷி என்றார்கள். 1709இல் பெரம்பூரில் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்தார். அப்பேர்ப்பட்ட பதவி, தரகர்கள் சிலர் செய்த புரட்டால் வசவாகத் தேய்ந்திருக்க வேண்டும்.

கொளத்தூர், வெள்ளி இரவு

அண்ணா, 'ஷி' எப்படி 'க்கூர்' ஆயிற்று? இடைவடிவம் ஒன்றாவது காட்டுங்கள். கையேட்டில் அதை வைக்க முடியாது.

ராயபுரம், வெள்ளி நள்ளிரவு

துறைமுகப் பக்கம் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஆக்சஸ் பாயின்ட்டைச் சுருக்கி, நாங்கள் 'ரோக் ஏபி' என்றுதான் சொல்கிறோம். சொல் எதுவானாலும், அது எதைக் குறிக்கிறது என்பதில் கவனம் தேவை.

கண்டுபிடிப்பதற்கு இரண்டு பாதி உண்டு. முதல் பாதி காற்றில். ஒவ்வொரு ஏபியும் தன் பெயரையும் 48 பிட் முகவரியையும் பீக்கன் என்னும் அறிவிப்புச் செய்தி மூலம் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு நம் பதிவேட்டோடு ஒப்பிடுகிறோம். பதிவேட்டில் இல்லாததெல்லாம் குற்றவாளி ஆகிவிடாது. சௌகார்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய கட்டடங்கள். ஸ்கேன் போட்டால் பக்கத்துக் கடை, மேல்மாடி வீடு எல்லாம் வரிசையாக வரும். இரண்டாம் பாதி கம்பியில். அந்த முகவரியோ, கடைசி இலக்கம் மட்டும் மாறிய முகவரியோ கம்பிகளை இணைக்கும் நம் ஸ்விட்சின் மேக் அட்டவணையில், அதாவது போர்ட்வாரி முகவரிப் பட்டியலில், எந்த போர்ட்டில் தெரிகிறது என்று தேடுகிறோம். தெரிந்தால்தான் அது ரோக். அந்த போர்ட்டை மூடிவிட்டு ஆளைத் தேடலாம்.

இதைப் பிரிக்காமல் 'கள்ள' என்று பொதுவாகச் சொல்லிக்கொடுத்தால், பையன்கள் அண்டைவீட்டாரின் இணைப்பை டீஆத் என்னும் துண்டிப்புக் கட்டளை அனுப்பி வெட்டத் தொடங்குவார்கள். விருந்தினரின் சொந்த ஹாட்ஸ்பாட்டை இப்படித் தடுத்ததற்காக மாரியட் விடுதி நிறுவனம் அமெரிக்காவில் 2014இல் 6,00,000 டாலர் கட்ட வேண்டிவந்தது. இப்போது டீஆத் எடுபடுவதும் குறைந்துவருகிறது. 2009இல் வந்த 802.11டபிள்யூ என்னும் வைஃபை தரநிலை அந்தக் கட்டளைகளுக்குக் காப்புக் கொடுத்தது; 2018இல் வந்த டபிள்யூபிஏ3 என்னும் வைஃபை பாதுகாப்பு முறை அதைக் கட்டாயமாக்கியது. அதனால் இணைபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் 802.1எக்ஸ் முறையைப் போட்டு, சுவர் போர்ட்டையே அடையாளம் கேட்க வைப்பதுதான் முறையான காப்பு.

ஆகவே 'நம் கம்பியில் தொற்றியது' என்பது சொல்லிலேயே வர வேண்டும். மின்கம்பியில் கொக்கி போடுவது நம் ஊரில் தெரியாதவர் இல்லை. 'கொக்கிமுனை'.

பெரம்பூர், சனி காலை

தம்பி, களவை விட்டுக்கொடுக்கிறேன். கொக்கியில் பொருளும் இருக்கிறது, உருவமும் இருக்கிறது. இதையே வையுங்கள்.

தண்டையார்பேட்டை, சனி மாலை

ராயபுரம் தம்பியின் விளக்கத்தை அப்படியே ஒரு பாடமாகச் சேர்த்துவிட்டேன், நன்றி. 'கொக்கி' மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கொக்கி என்றதும் குடிசைப் பகுதியைக் கைகாட்டுகிற பழக்கம் இருக்கிறது. என் வகுப்பில் அந்தத் தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ரவுட்டரைச் செருகுபவரோ பெரும்பாலும் சிக்னல் சரியில்லை என்று அலுத்துக்கொண்ட அலுவலர். அவரைச் சொல்வதற்கு இவர்களைக் குறுகவைக்கும் சொல்லை நான் கரும்பலகையில் எழுத மாட்டேன்.

வண்ணாரப்பேட்டை, சனி இரவு

ஆசிரியர் சொல்வது நியாயம். ஈவில் ட்வினுக்கு 'போலி' போதும். நன்னூல் சொல்லும் போலியில் ஓரெழுத்தின் இடத்தில் வேறெழுத்து வந்தும் பொருள் மாறாது: மஞ்சு, மைஞ்சு. இங்கே அதே பெயரில் வேறொரு பெட்டி நிற்கிறது, இணைகிறவருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

கொளத்தூர், ஞாயிறு காலை

போலி அணுகுமுனைக்கு எதிர்ப்பே வரவில்லை. பக்கத்துக் கட்டடத்தாருடையது 'அண்டை அணுகுமுனை'. ரோக்குக்கு 'அனுமதியிலா அணுகுமுனை' என்று மூவர் சொல்லிவிட்டோம். நீளம்தான், ஆனால் யாரையும் சுடாது. 'மறைமுனை' என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். பெயரை ஒளிபரப்பாத வலைக்கு அது வேண்டியிருக்கும், இங்கே வேண்டாம்.

ராயபுரம், ஞாயிறு மதியம்

என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். அண்டை அணுகுமுனைக்கும் நாம் அனுமதி கொடுக்கவில்லையே. அப்படியானால் அதுவும் அனுமதியிலாததுதானே? கம்பி இன்னும் சொல்லுக்குள் வரவில்லை.

தண்டையார்பேட்டை, ஞாயிறு இரவு

உண்மைதான் தம்பி. வரையறையின் முதல் வரியிலேயே 'நம் கம்பி வலையோடு இணைந்த' என்று சேர்த்திருக்கிறேன். பக்கத்தில் தமிழெழுத்தில் 'ரோக் ஏபி' என்றும் இருக்கும். வேலைக்குப் போகிற இடத்தில் அதுதான் காதில் விழும். கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பெரம்பூர், திங்கள் காலை

'அனுமதியிலா' என்பதில் லகரம் ஒன்றா இரண்டா என்று யாரும் கேட்கவில்லையே. செய்யுளுக்கு 'இலா' தகும். உரைநடைக் கையேட்டுக்கு 'இல்லா'தான். அச்சகத்துக்கு ஒரு ஃபோன் போட முடியுமா அம்மா?