ஐ ஸ்கொயர் 92% வருது, ஒரு ட்ரையலை எடுத்துடலாமா? அவசரம்

மூணாம்வருஷ_பிஜி:
நாளைக்குக் காலைல கைடுகிட்ட காட்டணும். மெட்டா அனாலிசிஸ், அதாவது பல ட்ரையலோட முடிவை ஒண்ணாச் சேர்த்துப் பாக்கறது. 13 ட்ரையலைச் சேர்த்தா ஐ ஸ்கொயர் (ட்ரையலுக்கு ட்ரையல் முடிவு எவ்வளவு வேறுபடுதுங்கிற அளவு) 92%. ஒண்ணு மட்டும் ஒத்தே வரல. தூக்கிடலாமா?

வார்டு7:
எந்த மருந்து? எந்த மாடல்? ரிஸ்க் ரேஷியோவா, ஆட்ஸ் ரேஷியோவா?

ஊசிமுனை:
ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாடல் போடுங்க, ட்ரையலுக்கு ட்ரையல் விளைவு மாறலாம்னு எடுத்துக்கும், சரியாயிடும்.

மூணாம்வருஷ_பிஜி:
மன்னிக்கணும். பிசிஜி தடுப்பூசி, காசநோய், ரிஸ்க் ரேஷியோ (போடாதவங்களோட ஒப்பிட்டா, போட்டவங்களுக்கு நோய் வர வாய்ப்பு எத்தனை மடங்கு; 1-னா பலன் இல்ல). ஃபிக்ஸ்டுல (எல்லா ட்ரையலுக்கும் விளைவு ஒண்ணுதான்னு எடுத்தா) 0.65, ரேண்டத்துல 0.49. ஒத்து வராதது செங்கல்பட்டு ட்ரையல். ப்ளாட்ல (ஒவ்வொரு ட்ரையலோட விடையும் ஒரு சதுரமா, அதோட நிச்சயமின்மை ரெண்டு பக்கக் கோடா வர்ற படம்) அதோட சதுரம் சரியா 1 மேல உட்கார்ந்திருக்கு, ரெண்டு பக்கமும் கோடே தெரியல.

கணக்குவாத்தி:
இதையெல்லாம் முதல் வருஷமே படிச்சிருக்கணும். ரேண்டம் போட்டா வேறுபாடு கணக்குல சேரும், ஏன் வந்துச்சுன்னு சொல்லாது. செங்கல்பட்டோட எடை ஃபிக்ஸ்டுல 41%, ரேண்டத்துல 10%. உங்க ரெண்டு விடைக்கும் வித்தியாசம் வர்றதே அதாலதான். ப்ரெடிக்‌ஷன் இன்டர்வெல் (இன்னொரு ட்ரையல் நடந்தா அதோட விடை எங்கே விழலாங்கிற வீச்சு) பாத்தீங்களா? 0.15-ல இருந்து 1.55 வரை போகும். 0.49-ஐ மட்டும் எழுதினா படிக்கிறவங்களை ஏமாத்துறதுதான்.

பாலாற்றங்கரை:
அதைத் தூக்கவே கூடாதுங்க. 1968-ல ஆரம்பிச்சது. இந்த டேபிள்ல மட்டும் ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் பேர். எங்க தாத்தாவும் அதுல ஊசி போட்டுக்கிட்டவர். பிடிக்காத விடை வந்துச்சுன்னு அத்தனை பேரையும் அழிச்சுடுவீங்களா?

வார்டு7:
அட்சரேகையை வச்சு மெட்டா ரிக்ரெஷன் பண்ணுங்க, அதோட சேர்ந்து ட்ரையல் முடிவும் மாறுதான்னு பாக்கலாம். பிரிட்டன் 52 டிகிரி, ரிஸ்க் ரேஷியோ 0.24. செங்கல்பட்டு 13 டிகிரி, 1.01. வெப்பமான ஊர்ல மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கிற மைக்கோபாக்டீரியா ஏற்கனவே உடம்புக்குப் பழகியிருக்கும். ஊசி புதுசா சேர்க்கிறது கொஞ்சம்தான்.

கணக்குவாத்தி:
அப்போ ஹைதி? 19 டிகிரி, 0.20.

வார்டு7:
ஒண்ணை வச்சு மறுக்க முடியாது சார்.

கணக்குவாத்தி:
பதிமூணை வச்சு நிரூபிக்கவும் முடியாது. அட்சரேகைங்கிறது ட்ரையலுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு இல்ல. எந்த வயசுல போட்டாங்க, ஊசியில எந்தக் கிருமி ஸ்ட்ரெயின் (வகை), முன்னாடியே டியூபர்குலின் (காசநோய்க் கிருமி ஏற்கனவே தொத்தியிருக்கான்னு பாக்கற தோல் சோதனை) பாத்தாங்களா, எல்லாம் அதோட பின்னிக்கிடக்கு.

ஊசிமுனை:
குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் காசநோயைத் தடுக்குதே, அதனாலதானே பிறந்ததும் போடுறாங்க?

பாலாற்றங்கரை:
அது வேற கேள்விங்க. அந்த ட்ரையல்களையும் இதுல கலந்துடாதீங்க. பிஜி, இருக்கீங்களா?

மூணாம்வருஷ_பிஜி (மறுநாள்):
செங்கல்பட்டை எடுக்கல. அட்சரேகை போட்டதும் ஐ ஸ்கொயர் 68 ஆச்சு. கைடு மேடம் ஹைதியை வட்டம் போட்டுட்டு, இதைப் பத்தி ஒரு பத்தி எழுதிட்டு வான்னாங்க. எல்லாருக்கும் நன்றி.