எலஹங்காவில் நெருங்கிப் பார்த்த 'பிரசண்ட்'

ஓசூர் சிப்காட்டில் ஒரு சிஎன்சி (கணினி வழி உலோகம் கடையும்) பட்டறையில் தர ஆய்வு செய்கிறேன். வானூர்திப் பாகங்கள் கடைவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆனாலும் 'பிரசண்ட்' என்ற நம் நாட்டுத் தாக்குதல் ஹெலிகாப்டரைக் கையெட்டும் தொலைவில் பார்த்தது பெங்களூரு எலஹங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியில்தான். விமானியும் ஆயுதங்களை இயக்குபவரும் ஒருவர் பின் ஒருவராக அமர்வதால் அதன் உடல் வியப்பூட்டும் அளவுக்கு ஒடுக்கமாக இருக்கிறது. எதிரிக்குக் குறிவைக்கக் கிடைக்கும் பரப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது. மூக்குக்குக் கீழுள்ள 20 மி.மீ. பீரங்கி, இயக்குபவரின் தலைக்கவசம் திரும்பும் பக்கமே திரும்பக்கூடியது.

உடன் வந்த மூத்த மில்லிங் ஆபரேட்டர் அண்ணனோ பீரங்கியை விட்டுவிட்டுச் சக்கரக் கால்களின் அருகே குனிந்து நின்றார். "உலோகக் கட்டையில முக்கால்வாசி துருவலாப் போயிருக்கும் தம்பி" என்றார்.

இப்படிச் செதுக்கிச் செதுக்கி எடையைக் குறைத்ததுதான் இந்த ஹெலிகாப்டரின் கதையே என்பேன். 1999 கார்கில் போரில் நம் விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. மலையுச்சிகளில் போரிடவல்ல தாக்குதல் ஹெலிகாப்டர் அப்போது நம்மிடம் இல்லை. உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் சுழலிறக்கைகளின் தூக்குவிசையும் எஞ்சினின் திறனும் சேர்ந்தே குறைகின்றன. ஆகவே ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். இதை உருவாக்கிய அரசு நிறுவனமான எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்), தன் முந்தைய துருவ் ஹெலிகாப்டரின் சுழலி அமைப்பையும் சக்தி எஞ்சினையும் எடுத்துக்கொண்டது. இருந்தும் 29 மார்ச் 2010 அன்று பறந்த முதல் மாதிரி, திட்டமிட்டதைவிடக் கனமாக இருந்தது. கவசத்தையோ, விழுந்தாலும் அதிர்ச்சியைத் தாங்கும் சக்கரக் கால்களையோ கழற்றிவிட முடியாது. எனவே மற்ற பாகங்களில்தான் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டியிருந்தது. மூன்றாம் மாதிரி பறந்தது 2014 நவம்பரில். மறு ஆண்டே சியாச்சினில், 4,000 மீட்டருக்கும் மேலான தளங்களில் இந்த ஹெலிகாப்டர் சுமையோடு இறங்கியது.

ஒரு பாகத்தின் சுவர்த் தடிமனில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் உறுதிதானே என்று கேட்கும் பயிற்சிப் பையன்களுக்கு இப்போது இதைத்தான் விளக்குகிறேன்.

2022 அக்டோபரில் ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்த பிரசண்டுக்கு, 2025 மார்ச்சில் மேலும் 156 ஆர்டர் ஆகியுள்ளது; 250-க்கு மேற்பட்ட உள்நாட்டு நிறுவனங்கள், பெரும்பாலும் சிறு, குறு தொழில்கள், இதில் பங்கேற்கும் என அரசு அறிவித்திருக்கிறது. எங்களிடம் இயந்திரமும் உண்டு, கைப்பழக்கமும் உண்டு. மாதிரியாகக் கடைந்து கொடுக்கும் முதல் உருப்படிக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு அடுத்த ஆர்டருக்காகக் காத்திருக்கும் மாதங்களில் இயந்திரக் கடனுக்குத் தவணை கட்டுவதுதான் சிறு பட்டறைகளைச் சாய்க்கிறது. அந்த இடைவெளியைக் குறைத்தால் ஓசூரில் இந்த வேலைக்கு ஆள் பஞ்சம் வராது.